உயரும் கடலையும் கணக்கில் சேருங்கள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழை, சென்னையின் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் நாள்கணக்கில் தேங்கி நின்றது. கடல் சீற்றத்தால் வெள்ளம் வடியவில்லை என்றார்கள். அது உண்மைதான். ஆனால், அந்த உண்மைக்கு ஏற்ப நகரத்தைக் கட்டும் வேலை இன்னும் தொடங்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

சென்னை தட்டையான ஊர். கூவம், அடையாறு, கொசஸ்தலையாறு, கோவளம் கழிமுகம் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில வாய்கள் வழியாகத்தான் இவ்வளவு மழைநீரும் வங்கக் கடலைச் சேர வேண்டும். ஓதம் ஏறும் நேரத்தில் முகத்துவாரத்தில் ஆறு தேங்கும். ஆறு தேங்கினால் வடிகால் நிற்கும். வடிகால் நின்றால் தெரு நிறையும். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்துவிட்டது. 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மி.மீ. வேகத்தில் ஏறியது என்கிறது ஐ.நா. காலநிலைக் குழுவின் அறிக்கை. மெல்லிய சரிவை நம்பியே ஓடும் வடிகாலுக்கு இது சிறிய அளவு இல்லை.

கடல் ஏறுகிறது என்றாலே பாறாங்கல்லைக் கொட்டுவது நம் வழக்கமாகிவிட்டது. துறைமுகம் வந்தபின் தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது. வடக்கே ராயபுரம் தொடங்கிக் கரை அரித்தது. ஒரு குப்பத்தைக் காக்கப் போட்ட கல், அடுத்த குப்பத்தின் மணலைப் பறித்தது. படகேற்றவும் வலை உலர்த்தவும் இடமிழந்தவர்கள் மீனவர்கள். அந்தக் கல்லும் அலையைத்தான் தடுக்கும். முகத்துவாரத்தில் ஏறிவரும் நீரை அது என்ன செய்யும்?

இன்று கட்டும் வடிகாலும் கழிவுநீர் உந்து நிலையமும் துணை மின் நிலையமும் 50 ஆண்டுகளாவது உழைக்க வேண்டியவை. எனவே, 50 ஆண்டுகளுக்குப் பிந்தைய கடல்மட்டத்தை வைத்தே அவற்றின் உயரத்தை முடிவு செய்ய வேண்டும். அந்தக் கணக்கைக் காட்டாத எந்தத் திட்டத்துக்கும் நிதி ஒதுக்கக் கூடாது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் தயாரிக்கும் மூன்றாவது முழுமைத் திட்டத்தில் இதைக் கட்டாய விதியாக எழுத வேண்டும்; பரிந்துரை என்று எழுதினால் யாரும் மதிக்கமாட்டார்கள்.

கடல் வழிவிடும்வரை மழைநீர் தங்க இடம் வேண்டும். பள்ளிக்கரணைச் சதுப்பும் எண்ணூர்க் கழிமுகமும் அதற்காகவே இருக்கின்றன. பள்ளிக்கரணை 2022-ல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதற்குள் குப்பைமேடும் கட்டடங்களும் அதன் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன. எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கிடக்கிறது. இனி இவ்விரண்டிலும் ஒரு சென்ட் நிலத்தைக்கூட யாருக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது. தூர்ந்த இடங்களை மீட்க வேண்டும்.

செலவு மிகும் என்பார்கள். மிக்ஜாமுக்குப் பிறகு குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தது அரசு. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அப்படிக் கொடுத்துக்கொண்டே இருக்க எந்தக் கருவூலத்தாலும் முடியாது. வாசகர்களும் சும்மா இருக்கக் கூடாது. உங்கள் தெரு வடிகால் எந்தக் கடல்மட்டத்துக்குக் கணக்கிடப்பட்டது என்று மாநகராட்சிக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.