கோவைப் பூங்காவும் கடன் பத்திரமும்

கோவை மத்திய சிறையைச் சேர்ந்த நிலத்தில், 45 ஏக்கரில், செம்மொழிப் பூங்கா 2025 நவம்பரில் திறக்கப்பட்டது. 2010-ம் வருஷத்துச் செம்மொழி மகாநாட்டின்போது அளித்த வாக்கு, பதினைந்து வருஷம் கழித்தேனும் நிறைவேறியது பற்றி மகிழ்ச்சியே. செலவு 200 கோடி ரூபாய்க்கு மேல். சிறையை வேறிடத்துக்கு மாற்றிய பிறகு, எஞ்சும் சுமார் 120 ஏக்கரையும் பூங்காவாக்குவதென்பது இரண்டாம் கட்டம்.

அதற்குப் பணம் ஏது? எதற்கும் சர்க்கார் கஜானாவை எதிர்பார்த்துக் கைகட்டி நிற்பதைவிட, நகரமே பத்திரம் வெளியிட்டுக் கடன் வாங்குவது கௌரவம் என்பது நமது அபிப்பிராயம். இது புதுமையன்று. ஆமதாபாத் 1998-ல் சர்க்கார் ஜாமீன் இல்லாமலே 100 கோடி திரட்டியது. மதுரை 2001-ல் உள்வட்டச் சாலைக்காக 30 கோடியும், சென்னை 2025-ல் மழைநீர் வடிகாலுக்காக 200 கோடியும் திரட்டின.

ஆனால் மதுரைச் சாலைக்குச் சுங்கம் உண்டு. பூங்காவுக்கு என்ன உண்டு? கடனைத் தீர்க்குமளவுக்கு நுழைவுக் கட்டணத்தை உயர்த்தினால் ஏழை வாசலோடு திரும்பிவிடுவான். ஆகவே அசலும் வட்டியும் சொத்து வரியிலிருந்தே வர வேண்டும். கார்ப்பரேஷன் இதை மறைக்காமல் சொல்லி, வரியில் இன்ன பங்கு என வகுத்துத் தனிக் கணக்கில் முதலில் கட்டிவிட வேண்டும். பராமரிப்புச் செலவுக்கும் அவ்வாறே. வ.உ.சி. பூங்காவின் மிருகக்காட்சிசாலை 2022-ல் மத்திய அதிகார சபையின் அங்கீகாரத்தை இழந்ததை ஊரார் மறக்கவில்லை.

பத்திரங்களை வங்கிகளுக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் மட்டும் விற்பது வழக்கமாயிருக்கிறது. இந்தூர் நகரம் 2023-ல் பொதுஜனங்களிடமே 244 கோடி திரட்டியது. வட்டிக் கணக்கில் கொங்கு நாட்டாருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை! ஆலைத் தொழிலாளியும் வாங்கக்கூடிய சிறு தொகையில் பத்திரம் வெளிவரட்டும். சொந்தப் பணம் போட்டவன், பூங்காவில் குழாய் உடைந்து கிடந்தால் ஏனென்று கேட்பான்.

1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு வ.உ. சிதம்பரனார் 25 ரூபாய்ப் பங்குகள் விற்றே மூலதனம் தேடினார். 1908 முதல் 1910 வரை அவர் செக்கிழுத்தது இதே சிறையில்தான். அந்தச் செக்கு இன்றும் அவ்வளாகத்தில் காக்கப்பட்டு வருகிறது. சிறை இடம் மாறும்போது செக்கு மாறக் கூடாது. இரண்டாம் கட்டத்தின் வரைபடத்திலேயே அதற்கு இடம் குறிக்கப்பட வேண்டும்.