நாக்கும் மார்க்கும்

சென்ற மாதம் நண்பர் ஒருவர் மாத்ரிதிலிருந்து கொண்டுவந்த சிவப்பு ஒயினைக் குடித்துப் பார்த்தேன். மாத்ரிதுக்கு மேற்கே கிரேதோஸ் மலைச்சரிவில், சுமார் 1,000 மீட்டர் உயரத்தில், கிரானைட் மணலில் நிற்கும் பழைய கர்னாச்சா கொடிகளின் திராட்சை. நிறம் வெளிறியது. முதலில் புளிப்பு, பிறகு நெடுநேரம் நிற்கும் மெல்லிய துவர்ப்பு. ஆல்கஹால் 14 சதவீதம், தொண்டையை எரிக்கவில்லை. நல்ல ஒயின்.

கூடவே ஒரு விமர்சனத் துண்டும் வந்தது. செர்ரி, ஆரஞ்சுத் தோல், ஈரக்கல். கடைசியில் 100க்கு 95. என் சண்டை இந்தத் துண்டோடுதான்.

உவமைகளை அடுக்குவது விமர்சனமாகாது. ஈரக்கல்லைத் தின்று பார்த்தவர் யார்? புளிப்பு ஏன் என்று கேட்டால் பதில் உண்டு. பகல் வெயில் சர்க்கரையை ஏற்றுகிறது. மலையின் குளிர்ந்த இரவு அமிலம் குறைந்துவிடாமல் காக்கிறது. செறிவு ஏன்? வயதான கொடி குறைவாகக் காய்க்கிறது. இதைச் சொல்ல ருசியோடு அறிவும் வேண்டும். செர்ரி என்றெழுதப் பழக்கடைப் பட்டியல் போதும்.

மார்க் இன்னும் மோசம். 1978ல் ராபர்ட் பார்க்கர் தொடங்கிய பத்திரிகை 100 மார்க் முறையை உலகெங்கும் பரப்பியது. வங்கி கவுண்டரில் நாள் முழுதும் எண்களோடு புழங்குகிறவன் நான். எண்ணைக் கூட்டலாம், எதைக் கூட்டினோம் என்பதை அது சொல்லாது.

இதை வெறும் ரசனைத் தகராறு என்று ஒதுக்க முடியாது. இந்தக் கர்னாச்சாவைக் கூட்டுறவு ஆலைகள் வெகுகாலம் எடையையும் சர்க்கரையையும் பார்த்தே வாங்கின. அதுவும் ஒரு மார்க்தான். டிராக்டர் ஏறாத சரிவுகள் கட்டுப்படியாகாமல் கைவிடப்பட்டன. ஸ்பெயின் 1986ல் ஐரோப்பிய சமூகத்தில் சேர்ந்தது. 1988லிருந்து ஒரு முறை, 2008லிருந்து 2011 வரை மறுமுறை, கொடியைப் பிடுங்குகிறவனுக்கு அங்கே பணம் கொடுத்தார்கள். அதே 2008ல்தான் கமாந்தோ ஜி என்ற சிறு குழு இந்த மலையின் கிழட்டுக் கொடிகளில் ஒயின் செய்ய முனைந்தது. கணக்கு கைவிட்டதை நாக்கு காப்பாற்றியது.

2024ல் சர்வதேசத் திராட்சை, ஒயின் அமைப்பு 35 வயதானால் பழைய கொடி என்று வரையறுத்தது. பிடுங்காமலிருக்க உதவுமானால் சரி. ஆனால் வயதும் உயரமும் தரத்துக்குச் சான்றிதழ் ஆகா. 35 வயதுக் கொடியும் மட்டமான ஒயின் தரும். ஒவ்வொரு முறையும் குடித்துப் பார்த்து, ஏன் என்று சொல்லியாக வேண்டும். மார்க் ஏறியதால் பிழைத்த கொடியை, மார்க் இறங்கினால் பிடுங்குவார்கள்.