கடைசலா, ‘லேத்தா’?

சேக்கிழார் பிறந்த குன்றத்தூரிலிருந்து விடியற்போதிலேயே இளைஞர்கள் ஒரகடத்துத் தொழிலகங்களுக்குச் செல்கின்றனர். அங்கே இரும்பைச் சுழலவிட்டுச் செதுக்கும் பொறியை இயக்குவோர், அதனை ‘லேத்து’ என்பர். அதன் கவ்வியைச் ‘சக்கு’ என்பர். தமிழில் என்னவென்று வினவினால், “இதற்கெல்லாம் தமிழில் ஏது சொல்?” என்று நகைப்பர். அந்நகைப்பு அவர்தம் குற்றமன்று. தொழில் கற்பித்தோர் குற்றம்!

சொல் இருக்கிறது. அது கடைசல். தயிர் கடைவதற்கும் மரங்கடைவதற்கும் தமிழில் வினை ஒன்றே. மத்திற் சுற்றிய கயிற்றை மாறிமாறி இழுத்தால் மத்து முன்னும் பின்னும் சுழலும். பண்டை மரக்கடைசலும் அவ்வாறே இயங்கியது. இரு முனைகளுக்கிடையே பொருத்திய கட்டையிற் கயிற்றைச் சுற்றி ஒருவர் இழுக்க, மற்றவர் உளி பிடித்தார். வில்லின் நாணைச் சுற்றினால் ஒருவரே போதும்: ஒரு கை வில்லை இயக்கும், மறு கை உளியைப் பிடிக்கும், கால்விரல் அதனை நிலைநிறுத்தும். கட்டை உளியை எதிர்த்துச் சுழல்கையில் மட்டுமே வெட்டு விழும். மறுசுழற்சியில் உளி விலகும். குழிவாய் உளி முரட்டுக் கட்டையை உருட்டும். தட்டைவாய் உளி வழவழப்பாக்கும்.

இக்கருவியைத் தமிழரே முதலிற் கண்டனர் என்னும் பொய்ப்பெருமை வேண்டா. எகிப்தில், ஏறத்தாழ கி.மு. 300-ஐச் சார்ந்த பெட்டோசிரிசு கல்லறையில் இருவர் இயக்கும் கடைசல் செதுக்கப்பட்டுள்ளது. 1800-ஐ ஒட்டி இங்கிலாந்தின் என்றி மாட்சுலே, உளியைக் கையினின்று விடுவித்து நகரும் தாங்கியிற் பொருத்திய இரும்புப் பொறியைச் செப்பமாக்கினார். இன்று அத்தாங்கியைக் கணிப்பொறி நகர்த்துகிறது. அறிவு உலகப் பொது.

ஆனால், ஆங்கிலேயன் தன் மரக்கடைசலுக்கு வழங்கிய பழஞ்சொல்லையே இரும்புப் பொறிக்கும் இட்டான். செருமானியன் ‘சுழற்று’ எனும் தன் வினையிலிருந்தே பெயர் அமைத்தான். தமிழன் மட்டும் ஏன் இரவல் வாங்கினான்? அம்பாசமுத்திரத்து மரச்செப்பும், 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கன்பேட்டை நாகசுரமும் கடைசலிற் பிறந்தவையல்லவா?

இழப்பு ஒரு சொல்லோடு நிற்பதன்று. ‘லேத்து’ என்று உருப்போடும் இளைஞன், அவ்வறிவு அயலானுடையதென்றே எண்ணுவான். பொறியை இயக்குவான், பொறி படைக்க எண்ணான். ‘கடைசற்பொறி’ என்று கற்பவனோ, தன் பாட்டி தயிர் கடைந்த கயிற்றிலேயே அதன் இயக்கத்தைக் காண்பான்.

தொழிற்பயிற்சி நிலையங்களே, அச்சொல்லைக் கரும்பலகையில் எழுதுங்கள்! உளி கையைவிட்டு நீங்கியது வளர்ச்சி. சொல் வாயைவிட்டு நீங்குவது வீழ்ச்சி!