சாவுக்குச் சந்தா கட்டுகிறோம், சுகத்துக்கு?

எமது தோட்டங்களில் மரண உதவிச் சங்கம் இல்லாத இடம் அரிது. சம்பள நாளன்று ஒவ்வொரு குடும்பமும் ஒரு சிறு தொகையைக் கட்டுகிறது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பெட்டிக்கும் பந்தலுக்கும் வந்தவர்களின் தேத்தண்ணீருக்கும் சங்கம் பணம் தருகிறது. இடிந்த லயத்தை விட்டுப் பாடசாலைக் கட்டடத்தில் தங்கியிருந்த நாட்களிலும், துணிமூட்டைக்குள் சங்கக் கொப்பியைப் பத்திரமாக வைத்திருந்த செயலாளர்களை நாம் கண்டிருக்கிறோம். எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, துன்பம் வந்தவனுக்கு மொத்தமாகக் கொடுப்பதுதான் காப்புறுதி. இதை எமக்குக் கற்றுத் தந்தவை கொழும்புக் கம்பனிகள் அல்ல. எமது பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே அது எம்மிடம் இருக்கிறது.

ஆனால் ஒன்றை யோசித்துப் பார்ப்போம். குடியினால் ஈரல் கெட்டு இறந்தவனுக்குப் பெட்டி வாங்கித் தருகிறோம். அவன் உயிரோடு இருக்கும்போது, அந்தக் குடியிலிருந்து மீள்வதற்கு ஆஸ்பத்திரிக்குப் போகப் பஸ் காசு தருகிறோமா? அவன் வார்ட்டில் கிடக்கும் நாட்களில் அவன் பிள்ளைகளுக்கு அரிசி தருகிறோமா? இல்லை. சாவுக்குச் சந்தா கட்டும் நாம் சுகத்துக்குச் சந்தா கட்டப் பழகவில்லை.

நாம் செய்த தவறு

பிறரைக் குறை கூறுமுன் எமது தவறைச் சொல்லிவிட வேண்டும். குடியை நாம் நெடுங்காலம் பாவம் என்று மட்டுமே பார்த்தோம். தவக்காலம் வந்தால் பிரசங்கம் வைப்போம். பாடுபட்ட சுரூபத்தின் மேல் கைவைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்குவோம். உயிர்ப்புப் பெருவிழா முடிந்த மறுநாள் சத்தியமும் முடிந்துவிடும். அடுத்த வருடம் அதே மனிதரிடம் மறுபடியும் வாங்குவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில், பல வருடங்களாக விடிந்ததும் கசிப்பில் வாய் கொப்பளித்துப் பழகிய ஒருவர், திருநீற்றுப் புதனன்று எமக்கு முன்னால் சத்தியம் செய்தார். சொன்னபடியே ஒரேயடியாக நிறுத்தியும் விட்டார். மூன்றாம் நாள் இரவு அவருக்குக் கைகால் வெட்டி வலிப்பு வந்தது. சுவரெல்லாம் பூச்சி ஊர்வதாகக் கத்தினார். பேய் பிடித்துவிட்டது என்று லயத்தில் உள்ளவர்கள் சாமியாடியைத் தேடினார்கள். எமக்கும் செபிப்பதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. கடைசியில் அவர் மனைவி தோட்டைக் கழற்றி அடகு வைத்து, வான் பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அவர் பிழைத்துக்கொண்டார். அங்கிருந்த டாக்டர் எம்மிடம் சொன்னது இதுதான்: நீண்ட காலம் அதிகமாகக் குடித்தவர் மருந்தில்லாமல் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம், சத்தியம் வாங்குவதற்கு முன் எங்களிடம் அனுப்புங்கள்.

அன்றுதான் எமக்கு உறைத்தது. நாம் சத்தியம் வாங்கியது ஒரு நோயாளியிடம். நோயாளிக்கு மனவுறுதி வேண்டும்தான். ஆனால் மருந்தும் வேண்டும், கட்டிலும் வேண்டும், அவர் இல்லாத நாட்களில் வீட்டில் அடுப்பும் எரிய வேண்டும். டப்ளின் நகரக் கூலித் தொழிலாளி மற் டல்பொட், 1884 ஆம் ஆண்டில் குடியை விட்டு, 1925 இல் இறக்கும்வரை அதைத் தொடாமல் வாழ்ந்தார். 1975 இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. அவரை முன்மாதிரியாகக் காட்டுவது நல்லது. ஆனால் அவரைக் காட்டி மற்றவர்களை மருந்தில்லாமல் விட்டுவிடுவது நல்லதல்ல.

காப்புறுதிப் பத்திரத்தின் பின்பக்கம்

இப்போது தோட்டப்புறங்களுக்கும் மீள்குடியேற்றப் பகுதிகளுக்கும் காப்புறுதி முகவர்கள் வருகிறார்கள். மண்சரிவுக்கும் வெள்ளத்துக்கும் நட்டஈடு கிடைத்த வீடுகளை அவர்கள் நன்றாகவே அறிந்து வைத்திருக்கிறார்கள். காப்புறுதி எடுப்பது பிழையான காரியமல்ல. ஆனால் பத்திரத்தின் முன்பக்கத்தில் எதற்கெல்லாம் பணம் தருவார்கள் என்று பெரிய எழுத்தில் இருக்கும். எதற்கெல்லாம் தரமாட்டார்கள் என்பது பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். மது, போதைப்பொருள் பாவனைக்கான சிகிச்சையும் அதனால் வரும் நோய்களும் பெரும்பாலும் அந்தப் பின்பக்கத்தில்தான் உள்ளன.

இது எமது நாட்டில் மட்டும் உள்ள குறையல்ல. இந்தியாவில் 2017 ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், மது, போதைப்பொருள் பாவனையோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்று ஏற்றுக்கொண்டது. உடல் நோய்க்குத் தருவதைப் போலவே மனநோய்க்கும் காப்புறுதி தரவேண்டும் என்றும் அது கூறியது. ஆனால் 2019 இல் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணையம் வெளியிட்ட பொது விதிவிலக்குகளின் பட்டியலில், குடிப்பழக்கத்துக்கான சிகிச்சை இடம்பெற்றது. ஒரு கை கொடுத்ததை மறு கை எடுத்துக்கொண்டது.

வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. அன்றைய மேற்கு ஜெர்மனியில், 1968 ஜூன் மாதத்தில், சமூகப் பாதுகாப்பு வழக்குகளுக்கான உச்ச நீதிமன்றம், குடிக்கு அடிமையாதல் ஒரு நோய் என்று தீர்ப்பளித்தது. நோய் என்று ஆனபின் நோய்க்காப்புறுதி நிதியம் அதற்குச் செலவழித்தே ஆகவேண்டும். அந்த நாட்டில் 1883 இல் தொழிலாளருக்கான நோய்க்காப்புறுதிச் சட்டம் வருவதற்கு முன்பே, சுரங்கத் தொழிலாளரும் கைவினைஞரும் எமது மரண உதவிச் சங்கங்களைப் போன்ற சிறு உதவி நிதிகளை நடத்தி வந்தார்கள். அரசின் சட்டம் அவற்றுக்குப் பின்னால்தான் வந்தது.

எமது தொழிலாளருக்கு என்ன இருக்கிறது? அரசாங்க உத்தியோகத்தருக்கு அக்ரஹார காப்புறுதி இருக்கிறது. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் இருதய சத்திரசிகிச்சைக்கும் சிறுநீரக மாற்றுக்கும் கண்வில்லைக்கும் உதவி செய்கிறது. இவை நல்லவை. குடிநோயையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும் என்று தொழிற்சங்கத் தலைவர்கள் ஏன் கேட்கக்கூடாது? தவறணையில் விற்கும் ஒவ்வொரு போத்தலிலும் அரசாங்கத்துக்கு வரி போகிறது. அந்த வரியைக் கட்டிக்கட்டியே நோயாளியானவன், அதில் ஒரு பங்கைத் தன் சிகிச்சைக்குக் கேட்பது பிச்சையல்ல, உரிமை.

இலவச வைத்தியமும் அதன் இடைவெளியும்

இங்கே ஒரு உண்மையை மறக்கக்கூடாது. இந்த நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரி இலவசம். அதுவே எமது முதற் காப்புறுதி. பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவுகள் உள்ளன. 1984 இல் அமைக்கப்பட்ட தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை, போதைப்பொருளுக்கு அடிமையானோருக்கு கண்டி உட்படச் சில இடங்களில் சிகிச்சை நிலையங்களை நடத்துகிறது. 1927 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்து ஆலோசனை கேட்கலாம். மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கமும் உண்டு.

இவையெல்லாம் இருக்க, குடும்பங்கள் ஏன் நகையை அடகு வைத்துத் தனியார் நிலையங்களுக்கும் ஒரே ஊசியில் குணம் என்று விளம்பரம் செய்வோருக்கும் பணம் கட்டுகின்றன? இலவச வைத்தியத்துக்கு வெளியே ஒரு செலவு இருப்பதால்தான். வைத்தியம் இலவசம், பஸ் இலவசமல்ல. ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைக்குப் பேர் இல்லை. கூட நிற்கும் மனைவிக்கும் பேர் இல்லை. நாட்சம்பளம் 2021 இல் 1000 ரூபாவாகவும் 2024 இல் 1350 ரூபாவாகவும் உயர்ந்தது உண்மை. ஆனால் வேலைக்குப் போன நாளுக்குத்தான் அந்தச் சம்பளம். மரக்கறித் தோட்டத்தில் கூலிக்குப் போகும் இடம்பெயர்ந்த குடும்பத்துக்கோ அந்த உறுதியும் இல்லை. இரண்டு பேரும் மூன்று கிழமை வேலைக்குப் போகாவிட்டால் கடைக்காரர் கடன் கொடுப்பாரா? இதோடு மொழிப் பிரச்சினையும் சேர்கிறது. மருந்தை எந்த மொழியிலும் விழுங்கலாம். மனதைத் திறந்து பேசத் தன் மொழி வேண்டும். தமிழ் பேசும் உளவளத்துணையாளரை எல்லா இடத்திலும் காணமுடிவதில்லை.

ஆகவே எமக்கு வேண்டிய காப்புறுதி டாக்டரின் பில்லைக் கட்டுவது மட்டுமல்ல. ஆஸ்பத்திரி தராத இந்த இடைவெளியை நிரப்புவதே முதல் தேவை. அதை நாமே செய்துகொள்ளலாம்.

சங்கம் என்ன செய்யலாம்?

ஒரு கணக்கைப் பார்ப்போம். நூறு குடும்பங்கள் மாதம் 100 ரூபா வீதம் கட்டினால் மாதத்துக்கு 10,000 ரூபா; வருடத்துக்கு 1,20,000 ரூபா. சிகிச்சைக்குப் போகும் ஒருவரின் குடும்பத்துக்கு 15,000 ரூபா பெறுமதியான உதவி என்று வைத்தால், வருடத்துக்கு ஆறு பேருக்கு 90,000 ரூபா போகும். மீதி 30,000 ரூபா, மறுபடி விழுந்து இரண்டாம் முறை போக வேண்டியவர்களுக்கு இருக்கும். இதை ஒழுங்காக நடத்த நாம் கண்டறிந்த வழிகள் இவை.

ஒன்று: உதவியைக் காசாகக் கொடுக்க வேண்டாம். அரிசி, மா, பருப்பு, பிள்ளைகளின் பாடசாலைச் செலவு, பஸ் காசு என்று வீட்டை நடத்துபவரின் கையில் கொடுக்க வேண்டும்.

இரண்டு: ஆஸ்பத்திரி அட்டை அல்லது கிளினிக் கொப்பியைக் காட்டினால் உதவி. போகவர யாராவது ஒரு அங்கத்தவர் துணைக்குப் போகவேண்டும்.

மூன்று: யார் உதவி பெற்றார் என்பதைக் கூட்டத்தில் வாசிக்கக்கூடாது. நம்பிக்கையான இரண்டு பேர் மட்டும் அந்தக் கொப்பியை வைத்திருக்க வேண்டும். பெண்களிலும் குடிநோயாளிகள் இருக்கிறார்கள். வெட்கத்தினால் அவர்கள் வெளியே வருவதில்லை.

நான்கு: பதிவில்லாத நிலையங்களுக்கும், அடித்துத் திருத்துவோம் என்பவர்களுக்கும் சங்கத்தின் பணம் ஒரு சதமும் போகக்கூடாது. டாக்டருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மாத்திரைகளும் ஆபத்தானவை. அதன் மேல் குடித்தால் உயிரே போகலாம்.

ஐந்து: தனியார் காப்புறுதி எடுப்பவர்கள் கையொப்பமிடுமுன், குடிநோய்ச் சிகிச்சைக்குப் பணம் உண்டா, எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும், எந்த வைத்தியசாலைக்கு என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். கிளெய்ம் கிடைக்கும் என்று நம்பி டாக்டரிடம் வயிற்றுவலி என்று எழுதித் தரக் கேட்பவர்கள் உண்டு. பொய் பிடிபட்டால் இந்த முறை மட்டுமல்ல, முழுப் பத்திரமும் செல்லாமல் போகலாம். நோயை மறைத்தால் டாக்டரும் சரியான மருந்தைக் கொடுக்கமுடியாது.

எழும் கேள்விகள்

குடிக்காதவன் கட்டிய காசைக் குடிகாரனுக்குக் கொடுப்பதா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. குடிகாரக் கணவனிடம் அடிவாங்கிய ஒரு தாய் இதைக் கேட்டால் எமக்கு உடனே பதில் வருவதில்லை. ஆனால் மரண உதவிச் சங்கம், இறந்தவர் எப்படி இறந்தார் என்று கேட்டுப் பெட்டி வாங்குவதில்லை. மேலும் இந்த உதவியால் முதலில் வயிறு நிறைவது அந்தத் தாயும் பிள்ளைகளுமே.

மறுபடியும் குடிப்பானே என்பது அடுத்த கேள்வி. ஆம், பலர் மறுபடியும் விழுகிறார்கள். சீனி வியாதிக்காரர் கலியாண வீட்டில் லட்டு சாப்பிட்டுவிட்டு மயங்கினால், இனி உனக்கு மருந்தில்லை என்று துரத்துகிறோமா? விழுந்தவர் எழும்புவதற்கு இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் தேவைப்படலாம். அதற்காகவே அந்த மீதி 30,000 ரூபா.

இடம்பெயர்ந்த எமது குடும்பங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1977 இலும் 1983 இலும் வன்செயலுக்கு அஞ்சி வன்னிக்குப் போய்க் காடு வெட்டி விவசாயம் செய்தவர்கள், யுத்தத்தில் மறுபடியும் எழும்பினார்கள். கொத்மலை அணைக்காக வயலைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மண்சரிவுகளில் நுவரெலியாவிலும் பதுளையிலும் கண்டியிலும் ஒரே இரவில் எல்லாம் இழந்தவர்கள் இருக்கிறார்கள். நிலம் போனபின் கைக்கு வேலையில்லை. துக்கத்தைச் சொல்ல ஆளில்லை. நட்டஈட்டுப் பணம் வரும் நாளில் தவறணை மட்டும் திறந்திருக்கிறது. இடம்பெயரும்போது லயம் சிதறுகிறது; லயம் சிதறினால் சங்கமும் சிதறுகிறது. எமக்கு மிகவும் தேவையான நேரத்தில் அது இல்லாமல் போகிறது. ஆகவே புதிய இடத்தில் கோயிலுக்கும் கொட்டிலுக்கும் கால் நடுமுன் சங்கத்தை மீண்டும் தொடங்குங்கள். முதல் கூட்டத்திலேயே சுகத்துக்கான சந்தாவையும் சேருங்கள்.

எரிக்கோவுக்குப் போகும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிய சமாரியனின் உவமை எல்லோருக்கும் தெரியும். அவன் காயத்தைக் கட்டியதோடு நிற்கவில்லை. சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று பொறுப்பேற்றான். விழுந்து கிடந்தவன் குடித்திருந்தானா, ஏன் அந்த வழியால் தனியே போனான் என்று கேட்கவில்லை. அடுத்த சம்பள நாளில் மரண உதவிச் சங்கக் கொப்பி உங்கள் வாசலுக்கு வரும். அதில் இன்னொரு பத்தியைக் கோடு கீறுங்கள். பெட்டி வாங்கும் காசுக்குப் பக்கத்தில், ஒரு மனிதனை எழுப்பி நிறுத்தும் காசும் இருக்கட்டும்.