நடைதொலைவில் ஒரு காடு

கரோல் பாக்கின் பயிற்சி மையங்களில் 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தை மனனம் செய்யும் மாணவருள் எத்தனை பேர், நடைதொலைவில் 864 ஹெக்டேர் பரப்பில் கிடக்கும் மத்திய ரிட்ஜ் காட்டில் காலடி வைத்திருக்கிறார்கள்? உள்ளூர் இயற்கைப் பாதுகாப்புக் குழுவில் சேர்வதை ‘ஆர்வலர் வேலை, ஆய்வுக்கு இடையூறு’ என ஒதுக்கும் பேராசிரியர்களுக்கு இதில் பெரும்பங்கு உண்டு.

வரலாறு அவர்கள் பக்கம் இல்லை. 1979இல் தில்லி ரிட்ஜைக் காக்கக் கிளம்பிய மாணவர் இயக்கத்திலிருந்தே கல்பவிருட்சம் அமைப்பு பிறந்தது.

1994 மே மாதம் ரிட்ஜ், இந்திய வனச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்கீழ் அறிவிக்கப்பட்டது. அப்பிரிவு உரைப்பது அரசின் நோக்கத்தை மட்டுமே. உரிமைக் கோரல்கள் தீர்க்கப்பட்டு, எல்லை வரையறுக்கப்பட்டு, 20ஆம் பிரிவின்கீழ் இறுதி அறிவிக்கை வெளிவந்தால்தான் காடு முழுமையாகக் காப்புக்காடாகும். அவ்வறிவிக்கை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இழுபட்டது. ஆக்கிரமிப்பு நுழைவது இத்தகைய இடைவெளியில்தான். எல்லைக்கல்லைத் தேடி நடப்பதும், வெட்டுண்ட மரத்தைப் பதிவுசெய்து மர அலுவலரிடம் புகார் அளிப்பதும் ஆய்வன்றி வேறென்ன?

கன்று நட்டுப் படமெடுத்துக் கலையும் குழுக்களும் உண்டுதான். அவற்றைக் காட்டித் தப்பிக்க வேண்டாம். ரிட்ஜில் பரவிக் கிடக்கும் விலாயதி கீக்கர் வேறொன்றுமில்லை, இராமநாதபுரத்தார் நன்கறிந்த சீமைக்கருவேலமே. அதை எவ்வளவு வேகத்தில் அகற்றலாம், அவ்விடத்தில் எந்த மண்ணின் மரத்தை மீட்கலாம் என்று சொல்லத் தெரிந்த தாவரவியலாளர் கருத்தரங்கில் அமர்ந்திருக்கும்வரை, குழுவினர் கையில் கிடைத்த கன்றைத்தான் நடுவார்கள்.