எட்டுச் சோடியும் பத்தாயிரம் வில்லைகளும்

பத்திரிகைத் தொழிலில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த ஒருவன் போக்கர் ஆட்டத்தைப் பற்றி எழுதுவதா என்று வாசகர்கள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். சூதாட்டத்துக்கு வக்காலத்து வாங்குவது எனது நோக்கமல்ல. ஆனால், பொறுமை எல்லா வேளையிலும் நற்குணம்தானா என்ற கேள்விக்கு அந்த ஆட்டம் தந்த விடையை வேறெங்கும் இவ்வளவு தெளிவாக நான் காணவில்லை.

யாழ்ப்பாணத்துத் திண்ணைகளில் 304 ஆடிப் பழகியவர்கள் நாம். அந்த ஆட்டத்தில் ஜாக்குக்கு 30 புள்ளிகள், ஒன்பதுக்கு 20 புள்ளிகள்; எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. எட்டுகள் இரண்டு சேர்ந்து வந்தால் சலித்துக்கொள்வோம். டெக்சாஸ் ஹோல்டெம் போக்கரில் நிலைமை வேறு. அங்கு முதலில் கைக்கு வரும் இரண்டு சீட்டுகளும் சோடியாக அமைவது சராசரியாக 17 தடவைகளுக்கு ஒருமுறைதான்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் லண்டனில் உறவினர் வீடொன்றில், 20 பவுண் நுழைவுப் பணத்துடன் நடந்த சிறிய சுற்றுப்போட்டியில் அமர்ந்திருந்தேன். மேசையில் ஒன்பது பேர். பிளைண்ட் எனப்படும் கட்டாயப் பந்தயங்கள் 500, 1,000 என்ற அளவுக்கு உயர்ந்திருந்தன. அத்துடன் ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 100 வைக்கவேண்டும். சீட்டைப் பார்ப்பதற்கு முன்னரே நடுவில் 2,400 சேர்ந்துவிடும். என்னிடம் எஞ்சியிருந்தவை 10,000 பெறுமதியான வில்லைகள். எனக்கு முன்னிருந்த நால்வரும் விலகிவிட்டனர். எனது கையில் இரண்டு எட்டுகள்.

நான் செய்தது என்ன? "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று எண்ணி 1,000 மட்டும் வைத்தேன். வேறு இருவரும் சேர்ந்துகொண்டனர். பொதுச்சீட்டுகளில் முதல் மூன்றும் விரிந்தபோது ராஜா, ஜாக், நான்கு. ஒருவர் பந்தயம் வைத்தார், நான் விலகினேன். அவரிடம் உண்மையில் ராஜா இருந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த அரை மணி நேரத்தில் கட்டாயப் பந்தயங்களே என்னைக் கரைத்துவிட்டன.

எனது பிழையைக் கணக்கு காட்டிக்கொடுக்கும். எட்டுச் சோடி வைத்திருப்பவருக்கு, முதல் மூன்று பொதுச்சீட்டுகளில் எட்டைவிடப் பெரிய சீட்டு ஒன்றேனும் விழும் வாய்ப்பு ஏறக்குறைய 87 விழுக்காடு. மூன்றாவது எட்டு வந்து காப்பாற்றும் வாய்ப்போ 12 விழுக்காடுதான். கையிருப்பு ஏராளமாக உள்ளவர் அந்த 12 விழுக்காட்டுக்காகச் சிறு தொகையைச் செலவிடலாம். அகப்பட்டால் பெரும் தொகை வரும். பத்து பிளைண்ட் அளவே வைத்திருப்பவனுக்கு அத்தனை பெரிய பலன் கிடைக்க வழியில்லை.

மாறாக, முழுவதையும் ஒரேயடியாக முன்னே தள்ளியிருந்தால்? எனக்குப் பின்னால் இருந்தவர்கள் நால்வர். அவர்களில் எவரிடமேனும் ஒன்பது முதல் ஏஸ் வரையான பெரிய சோடி இருக்கும் வாய்ப்பு சுமார் 11 விழுக்காடுதான். அனைவரும் விலகினால் 2,400 எனக்கு. ஏஸும் ராஜாவும் வைத்திருப்பவர் எதிர்த்து வந்தால்கூட, பாதிக்குச் சற்று மேலான வாய்ப்பு எட்டுச் சோடியின் பக்கமே. பெரிய சோடியிடம் அகப்பட்டால் மட்டுமே எனது வாய்ப்பு ஐந்தில் ஒன்றாகக் குறையும்.

1995ஆம் ஆண்டு உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் வென்ற டான் ஹாரிங்டன், பின்னர் எழுதிய நூலில் இதற்கு எளிய அளவுகோல் ஒன்றைப் பரப்பினார். கையிருப்பை, ஒரு சுற்றுக்குக் கட்டாயமாகச் செலவாகும் தொகையால் வகுக்கவேண்டும். விடை ஐந்துக்குக் கீழே இறங்கினால் அது சிவப்பு வலயம். அங்கு முழுவதையும் வைப்பது, அல்லது விலகுவது என்ற இரண்டு வழிகளே பெரும்பாலும் எஞ்சும். எனது விடை நான்கைச் சற்றே தாண்டியிருந்தது. இரண்டு சுற்றுகள் சும்மா இருந்தால் 10,000 என்பது 5,200 ஆகிவிடும். அதற்குப் பின்னர் இரட்டிப்பாக்கினாலும் பழைய இடத்துக்குத்தான் திரும்பி வருவேன். எனது சிறிய கையிருப்பைக் கண்டு எவரும் அஞ்சி விலகவும் மாட்டார்.

1982ஆம் ஆண்டு ஜாக் ஸ்ட்ராஸ் என்பவர், ஒரேயொரு 500 வில்லை எஞ்சிய நிலையிலிருந்து அதே முதன்மைப் போட்டியை வென்றார். இதனைப் பொறுமையின் வெற்றி என்று சொல்வோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. ஒரு வில்லையை வைத்துக்கொண்டு எவரும் காத்திருக்க முடியாது. அதனை நடுவில் வைத்தே ஆகவேண்டும்.

விதிவிலக்குகளும் உள்ளன. எனக்கு முன்னரே ஒருவர் பலமாகப் பந்தயத்தை உயர்த்தியிருந்தால் எட்டுச் சோடியின் மதிப்பு இறங்கிவிடும். பரிசுப் பட்டியலின் வாசலில் நிற்கும்போதும், குறிப்பிட்ட எண்ணிக்கையினருக்கு ஒரே பரிசு வழங்கப்படும் தகுதிப் போட்டியிலும், இதைவிடப் பெரிய சோடியைக்கூட விட்டுவிடுவது அறிவுடைமையாகலாம். இழக்கக்கூடிய பணத்துக்கு மேல் ஒரு சதமும் கொண்டு மேசைக்குப் போகக்கூடாது என்பது இவை எல்லாவற்றுக்கும் முந்திய விதி.

இரவுப் பதிப்பு அச்சுக்குப் போகும் வேளையில் செய்தி ஒன்று கைக்கு வரும். வெளியிடலாம், அல்லது நிறுத்தலாம். இரண்டுக்கும் நியாயம் உண்டு. பொறுப்பும் ஏற்காமல், கைவிடவும் துணியாமல், மழுப்பலாக நான்கு வரி போடுவதற்குத்தான் நியாயம் கிடையாது. அவ்வாறான நான்கு வரிகளை நானும் எழுதியிருக்கிறேன். அன்று நான் நடுவில் வைத்த 1,000 அத்தகையதே.

முழுவதையும் வைத்திருந்தால் வென்றிருப்பேன் என்று நான் சொல்லவில்லை. தோற்றிருக்கவும் கூடும். ஆனால், அது நான் எடுத்த முடிவினால் வந்த தோல்வியாக இருந்திருக்கும். முடிவெடுக்காமல் இருந்ததால் வந்த தோல்வியாக இருந்திராது.