அழகையா ஏறிய படிகள் நம் ஊரில் உண்டா?

விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பீங்கான் பொம்மைதான் நினைவுக்கு வரும். நமக்குப் பக்கத்திலிருக்கும் புதுக்கூரைப்பேட்டையும் சேர்ந்தே வரும். சாதியை மீறி மணந்துகொண்ட முருகேசனும் கண்ணகியும் 2003 ஜூலை 8 அன்று அங்கே விஷம் ஊற்றிக் கொன்று எரிக்கப்பட்டார்கள். காவல்துறை உடனே வழக்குப் பதியவில்லை. பதிந்தபோது தலித்துகளையும் குற்றவாளிகளாகச் சேர்த்தது. காவல் நிலையம் சொன்னதை எழுதிவிட்டுப் போகும் செய்தியாளருக்கும், சேரிக்குள் வந்து கேட்கும் செய்தியாளருக்கும் உள்ள வித்தியாசம் இப்படிப்பட்ட நாளில்தான் தெரியும்.

யார் செய்தியாளர் ஆகிறார்கள்? ஜார்ஜ் அழகையாவின் கதையிலிருந்து தொடங்கலாம். 1955இல் கொழும்பில் பிறந்த தமிழர். சிறுவயதிலேயே குடும்பம் கானாவுக்குப் போனது. பள்ளியும் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தில். 1989இல் பிபிசியில் சேர்ந்து, சோமாலியாவின் பஞ்சத்தையும் ருவாண்டாவின் படுகொலையையும் உலகுக்குச் சொன்னார். 2003 முதல் மாலை 6 மணிச் செய்தி வாசித்தார். 2023 ஜூலையில் அவர் இறந்தபோது, 'பிபிசியில் ஒரு தமிழர்' என்று நாமும் பெருமைப்பட்டோம்.

பெருமைப்படலாம், தவறில்லை. ஆனால் அவர் அப்பா பொறியாளர், படித்தது விடுதிப் பள்ளியில். நிறம் தடுத்தாலும் வர்க்கம் கைகொடுத்தது. இன்னொன்றும் உண்டு. தன் நிறுவனம் அளவுக்கு மீறி வெள்ளையாக இருக்கிறது என்று 2001இல் பிபிசியின் தலைவரே வெளிப்படையாகச் சொன்னார். அங்கே யார் எத்தனை பேர் என்று எண்ணுகிறார்கள், இலக்கு வைக்கிறார்கள். நிறவெறி ஒழிந்துவிடவில்லைதான். ஆனாலும் கேள்வி கேட்க அவர்கள் கையில் கணக்கு இருக்கிறது.

நம் கையில் என்ன இருக்கிறது? 1996இல் அமெரிக்கச் செய்தியாளர் ஒருவர் கேட்டதற்காக, பி.என். உனியால் டெல்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடினார். ஒருவரும் கிடைக்கவில்லை. 2019இல் ஆக்ஸ்பாமும் நியூஸ்லாண்டரியும் ஆங்கில, இந்தி ஊடகங்களின் தலைமைப் பொறுப்புகளை ஆராய்ந்தன. 121 இடங்களில் 106 உயர்த்திக்கொண்ட சாதிகளிடம் இருந்தன. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. இந்த 23 ஆண்டுகளில் எது மாறியது?

உடனே 'தகுதி' என்பார்கள். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். எழுதத் தெரியாத கூட்டமல்ல நாம். வாசலில் நிறுத்தப்பட்ட கூட்டம்.

ஆகவே தோழர்களே, பிபிசித் தமிழரைக் கொண்டாடும் நம் ஊர்த் தொலைக்காட்சிகளிடமும் நாளிதழ்களிடமும் ஒன்றைக் கேட்போம்: உங்கள் ஆசிரியர் குழுவில் எந்தச் சமூகத்தவர் எத்தனை பேர்? ஆண்டுதோறும் வெளியிடுங்கள். செராமிக் பட்டறையில் மண் பிசைபவரின் மகள் செய்தி ஆசிரியராக வேண்டுமானால், அவள் அங்கே இல்லை என்பதை முதலில் எண்ணிச் சொல்லியாக வேண்டும்.